குடிமக்களின் ஒற்றர்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் புள்ளலூர் என்றொரு சிற்றூர் உண்டு. வயல்கள் சூழ்ந்த அவ்வமைதியான ஊரைக் காண்போர், தென்னக வரலாற்றின் பெரும்போர்கள் அங்கு நிகழ்ந்தன என்பதை எளிதில் நம்பார். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் பகைவரோடு பொருத களம் அது. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் ஹைதர் அலியின் படையும் அவர்தம் மைந்தர் திப்புவின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையொன்றை முற்றாக முறியடித்த களமும் அதுவே.

எம் துறை மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அவ்வூருக்குச் சென்றிருந்தேன். அங்கு நிற்கும் இரண்டு கல்லறைத் தூண்களைக் காட்டி, "இவை 1781-இல் இங்கு நடந்த மற்றொரு போரில் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகள் இருவருக்காக எழுப்பப்பட்டவை" என்று கூறினேன். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், "ஐயா, மற்றவர்களுக்குக் கல் இல்லையா?" என்று வினவினார். "இல்லை" என்று கூறினேன். "அவர்களைப் பற்றி யாரும் எழுதவும் இல்லையா?" என்று மீண்டும் வினவினார். அவ்வினாவுக்கு அன்று நான் தக்க விடை கூறவில்லை. அதனை இம்மலரில் கூற முயல்கின்றேன்.

ஒரு களம், இரு கூற்று

புள்ளலூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பெரும்பகைவரை அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. அப்பகைவர் யாவர் என்று அச்செப்பேடு பெயர் சுட்டவில்லை. சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியே அப்பகைவன் என்பது வரலாற்றறிஞர் பலர் கருத்து. ஆனால், அப்புலிகேசியின் புகழ் பாடும் ஐஹோளே கல்வெட்டு வேறு கதை கூறுகிறது. 634-ஆம் ஆண்டளவில் இரவிகீர்த்தி என்னும் புலவர் யாத்த அக்கல்வெட்டின்படி, புலிகேசியின் படை எழுப்பிய புழுதியில் பல்லவனின் ஒளி மங்கிற்று. அவன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே மறைந்தான்.

இரண்டும் அரசவையின் எழுத்து. இரண்டிலும் எழுதுவித்தவனே வென்றவன். களத்தில் நின்று பார்த்த மூன்றாமவர் ஒருவரின் சொல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆதலின் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழிந்தும் ஆய்வாளர் செப்பேட்டையும் கல்வெட்டையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு வாதிடுகின்றனர்.

1780-இன் போருக்கு ஆவணங்கள் மிகுதி. கர்னல் பெய்லி என்பார் குண்டூரிலிருந்து தெற்கு நோக்கித் தம் படையை நடத்தி வந்தார். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த சர் ஹெக்டர் மன்றோவின் பெரும்படையுடன் சேர்வது அவர் நோக்கம். இரு படைகளுக்கும் இடைத்தொலைவு சில காத தூரமே. அவ்விடைவெளியிலேதான் பெய்லியின் படை சூழப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. ஏறத்தாழ 200 ஐரோப்பியர் சிறைப்பட்டனர். உரிய நேரத்தில் துணை செல்லாத மன்றோ, தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்திலே தள்ளிவிட்டுச் சென்னை நோக்கிப் பின்வாங்கினார். பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார்.

இவ்வெற்றியைத் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தாம் எழுப்பிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் ஓவியமாகத் தீட்டுவித்தார். பல்லக்கில் அமர்ந்த பெய்லியும், செஞ்சட்டைச் சிப்பாய்களின் அணியும், வெடித்துச் சிதறும் மருந்து வண்டியும் அச்சுவரில் உள்ளன. அதனைக் காணும்போது நம்முள் பலருக்குப் பெருமிதம் எழும். எனக்கும் எழுந்தது. ஆங்கிலேயரோ சிறைப்பட்ட தம் அதிகாரிகளின் துன்பங்களை நூல் நூலாக எழுதி வெளியிட்டனர். 1781 ஆகஸ்டு 27-இல் அதே புள்ளலூரில் சர் அயர் கூட் நடத்திய போரைத் தம் வெற்றி என்று பதிந்தனர். ஆயினும் ஹைதரின் படை அழியாமலே விலகிச் சென்றது.

சுவரோவியத்திலும் இல்லாதவர், ஆங்கில நூல்களிலும் இல்லாதவர் ஒருவர் உண்டு. அவர் புள்ளலூரின் உழவர். 1780-இல் மைசூர்ப் படை கருநாடகப் பகுதியில் நுழைந்தபோது ஊர்கள் எரிந்தன; பயிர்கள் அழிந்தன; மக்கள் சென்னைக் கோட்டை நோக்கி ஓடினர். இதனைச் சொல்லத் தயங்குதல் ஆகாது. ஹைதர் அலி நம் பெருமைக்குரியவர் என்பதனால், எரிந்த கூரை எரியாத கூரை ஆகிவிடாது. அவ்வழிவை உலகறியப் பேசியவர் இலண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்டு பர்க்கு. அதுவும் 1785-இல், அதுவும் ஆர்க்காட்டு நவாபின் கடன் பற்றிய அரசியல் வழக்கின் ஒரு பகுதியாக. ஊரெரிந்த செய்தி ஐந்தாண்டு கழித்து, கடல் கடந்து, வேறொரு வழக்கிற்குச் சான்றாகப் பயன்பட்டது. எரிந்த ஊரார்க்கு அதனால் விளைந்த நன்மை யாது?

அரசனுக்கு ஒற்றர், மக்களுக்குப் பரணி

தமிழிலக்கியம் பயில்வோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். திருவள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்றும் ஒத்தபின்னரே தெளிய வேண்டும் என்றும் அவர் அரசனுக்கு வழி கூறுகிறார். செய்தியைச் சரிபார்க்கும் கலைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் இன்றைய இதழியல் வகுப்பிலும் இல்லை.

ஆனால், அவ்வாறு தெளிந்த செய்தி அரசனின் தனியறையோடு நின்றது. மக்களுக்குக் கிடைத்தது பரணி. கலிங்கத்துப்பரணி நம் மொழியின் அணிகலன்களுள் ஒன்று. அதன் நயத்தை வகுப்பறையில் ஆண்டுதோறும் பாராட்டி வருபவன் யான். இசுலாமியத் தமிழ்ப் புலவர்கள் படைப்போர் என்னும் இலக்கிய வகையை வளர்த்தனர். அதன் வீறும் நாமறிந்ததே. எனினும் இவை வெற்றியைப் பாட எழுந்த இலக்கியங்கள். கலிங்கத்து ஊர்களில் எத்தனை அடுப்புகள் அணைந்தன என்று கூறுதல் பரணியின் வேலையன்று.

ஆக, மன்னராட்சியில் மெய்ச்செய்தி அரசனுக்குரியது, புகழுரை குடிகளுக்குரியது. மக்களாட்சியில் குடிகளே மன்னர் என்கிறோம். அங்ஙனமாயின் அம்மன்னர்க்கும் ஒற்றர் வேண்டுமன்றோ? போர்ச் செய்தியாளரே அவ்வொற்றர். அரசு எதை மறைக்கிறதோ அதைக் கண்டு வந்து குடிமக்களிடம் உரைப்பது அவர் தொழில். அவரைத் தடுப்பவர் ஒரு தனிமனிதரைத் தடுக்கவில்லை. நாட்டின் உரிமையாளரான குடிமக்களின் கண்ணைக் கட்டுகின்றனர். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

இப்புதிய ஒற்றர் தோன்றிய வரலாறும் புள்ளலூர்ப் போர் நிகழ்ந்த ஆண்டையே நினைவூட்டுகிறது. 1780 ஜனவரி 29-இல் கல்கத்தாவில் ஹிக்கி என்பார் இந்திய மண்ணின் முதல் செய்தித்தாளைத் தொடங்கினார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்சை எதிர்த்து எழுதியமையால் சிறைப்பட்டார். 1782-இல் அவருடைய அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. செய்தித்தாள் பிறந்து ஈராண்டுக்குள் அதனை அடக்கும் கையும் பிறந்துவிட்டது.

போர்க்களத்திற்கே சென்று எழுதும் மரபை நிலைநாட்டியவருள் முதன்மையானவர் இலண்டன் டைம்ஸ் இதழின் வில்லியம் ஹோவர்டு ரசல். 1854-இல் கிரிமியப் போரில் பிரித்தானிய வீரர்கள் குளிராலும் நோயாலும் மடிந்த நிலையை அவர் எழுதினார். மேலிடத்தார் சினந்தனர். ஆயினும் மக்கள் கொதித்தெழ, 1855-இல் ஆட்சியே கவிழ்ந்தது. மருத்துவ ஏற்பாடுகள் சீர்திருந்தின. உண்மை படையைக் கெடுக்கவில்லை, காத்தது.

நம் நாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வங்கத்தில் நிகழ்ந்ததும் நினைவுகூரத் தக்கது. 1943-இல் மக்கள் தெருக்களில் மாண்டு வீழ்ந்தனர். அரசோ பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. போர்க்காலத் தணிக்கை நிலவிய அந்நாளில், ஸ்டேட்ஸ்மன் இதழின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் ஆகஸ்டு 22 அன்று பசியால் வாடிச் செத்தோரின் புகைப்படங்களை வெளியிட்டார். அவர் ஆங்கிலேயர், அவர் இதழும் ஆங்கிலேயர்க்குச் சார்பானது, ஆட்சியும் ஆங்கிலேயர் ஆட்சி. தம்மவர் ஆட்சி மறைத்ததைத் தாமே வெளிப்படுத்தியமையே அவர் பெருமை.

சாட்சிகள் அகற்றப்பட்ட களம்

தமிழ் பேசுவோர் நெஞ்சில் ஆறாத வடுவாக நிற்பது ஈழப்போரின் இறுதிக் கட்டம். 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளரும் தொண்டு நிறுவனத்தாரும் வன்னியிலிருந்து வெளியேறுமாறு இலங்கை அரசு பணித்தது. சார்பற்ற செய்தியாளர் போர்ப்பகுதிக்குள் செல்ல இசைவு தரப்படவில்லை. சாட்சிகள் அகற்றப்பட்டபின் களம் அரசின் சொல்லுக்கே உரியதாயிற்று.

போர்ப்பகுதியில் எஞ்சியிருந்த பொதுமக்கள் ஏறத்தாழ 70,000 பேரே என்று அரசு 2009-இன் தொடக்கத்தில் கூறி வந்தது. மே மாதம் போர் முடிந்தபோது முகாம்களில் அடைக்கப்பட்டோர் தொகை இரண்டரை லட்சத்தைக் கடந்தது. எண்ணைக் குறைத்துக் கூறுதல் வெறும் சொற்பிழையன்று. எழுபதாயிரவர் எனக் கணக்கிட்டால் எழுபதாயிரவர்க்கே அரிசி செல்லும், மருந்து செல்லும். பொய்யெண் ஒன்று குழந்தையின் கஞ்சிக் கலயத்தைக் காலியாக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அங்கிருந்த அரசு மருத்துவர் சிலர் இறந்தோர், காயமுற்றோர் தொகையைத் தொலைபேசி வாயிலாக வெளியுலகிற்குத் தெரிவித்து வந்தனர். போர் முடிந்தபின் அவர்கள் காவலில் வைக்கப்பட்டனர். 2009 ஜூலையில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டுத் தம் கூற்றைத் தாமே மறுத்துப் பேசினர். காவலில் இருப்போர் மறுப்பது எத்தகைய மறுப்பு என்பதை விளக்க வேண்டுவதில்லை. 2011 ஏப்ரலில் வெளிவந்த ஐ.நா. வல்லுநர் குழுவின் அறிக்கை, இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்பதை மறுத்துவிட இயலாது என்றது.

இப்போரில் உண்மை எழுதியோர் கொடுத்த விலை பெரிது. பி.பி.சி. தமிழோசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19-இல், ஊரடங்கு நிலவிய இரவில், தம் இல்லத்திலேயே கொல்லப்பட்டார். தராகி என்னும் புனைபெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28-இல் கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். சண்டே லீடர் இதழாசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8-இல் பட்டப்பகலில் கொலையுண்டார். அவர் சிங்களவர். தம் சாவை எதிர்நோக்கி எழுதி வைத்த தலையங்கம் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்து உலகை உலுக்கியது. அயல்நாட்டவரான மேரி கொல்வின் 2001-இல் வன்னியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கண்ணை இழந்தார். மற்றொரு கண்ணோடு பதினோராண்டு போர்க்களங்களைக் கண்டெழுதி, 2012 பிப்ரவரி 22-இல் சிரியாவின் ஹும்ஸ் நகரில் உயிர் துறந்தார்.

சாட்சிகளை அகற்றும் முறை வன்னியோடு முடியவில்லை. 2023 அக்டோபரில் காஸாவில் போர் தொடங்கியபின், அயல்நாட்டுச் செய்தியாளர் தம் விருப்பப்படி உள்ளே சென்று காண இஸ்ரேல் இடந்தரவில்லை. உள்ளூர்ச் செய்தியாளரே உலகின் கண்ணாயினர். அவர்களுள் மாண்டோர் ஈராண்டில் நூற்றுக்கணக்கினராயினர். அதற்கு முன்னரே, 2022 மே 11-இல் ஷிரீன் அபூ ஆக்லா என்னும் செய்தியாளப் பெண்மணி ஜெனினில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, பாலஸ்தீனரின் குண்டே அவரைக் கொன்றிருக்கலாம் என்று முதலில் கூறப்பட்டது. செய்தி நிறுவனங்கள் பல தனித்தனியே ஆராய்ந்து வெளியிட்டபின், தம் வீரர் ஒருவரின் குண்டாக இருக்க வாய்ப்பு மிகுதி என்று இஸ்ரேலியப் படையே செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. அன்று வள்ளுவர் கூறிய மூவொற்றர் முறை இன்றும் பயன் தந்தது.

நம்மவர் தவறும் செய்தியே

இதுவரை எழுதியதை நம்முள் பலர் தலையசைத்துப் படித்திருப்பர். இனி எழுதுவதே கடினம். பகைவரின் மறைப்பை வெளிப்படுத்தும் செய்தியாளரை எவரும் போற்றுவர். நம்மவரின் மறைப்பை அவர் வெளிப்படுத்தும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதே சோதனை.

அதே ஈழத்தில் 1990 ஆகஸ்டு 3-இல் காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தம் மண்ணிலிருந்து விரட்டப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம் மட்டுமே. இறுதிப் போரில் தப்பிச் செல்ல முயன்ற தமிழ் மக்களையே புலிகள் தடுத்துச் சுட்டனர் என்பதையும் மேற்கூறிய ஐ.நா. அறிக்கை பதிந்துள்ளது. முள்ளிவாய்க்காலுக்கு அழுவோருள் சிலர் காத்தான்குடியைப் பேச மறுக்கின்றனர். காத்தான்குடியை மறவாதோருள் சிலர் முள்ளிவாய்க்காலைக் கடந்து செல்கின்றனர். இரண்டு இடத்திலும் மாண்டோர் பேசிய மொழி தமிழே.

இரு திசையும் நோக்கிப் பேசிய ஒருவரை ஆசிரியப் பெருமக்கள் அறிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜனி திரணகம, தம் தோழர்களுடன் இணைந்து 'முறிந்த பனை' என்னும் நூலை எழுதினார். இலங்கைப் படை, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய எத்தரப்பின் கொடுமையையும் அவர் மறைக்கவில்லை. 1989 செப்டம்பர் 21-இல் பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே கொன்றனர் என்பது அவருடைய தோழர்களின் உறுதியான கூற்று. அவர் தொழிலால் செய்தியாளரல்லர். ஆயினும் செய்தியாளரின் கடமையைச் செய்தவர்.

நம் மாணவர்க்கு அண்மைக்காலச் சான்று ஒன்றும் உண்டு. தில்லி ஜாமியா மில்லியாவில் பயின்ற டேனிஷ் சித்திக்கி, ரோஹிங்கியா அகதிகளின் துயரைப் படம்பிடித்த ராய்ட்டர்ஸ் குழுவில் ஒருவராக 2018-இல் புலிட்சர் பரிசு பெற்றார். மியன்மரில் முஸ்லிம்கள் பட்ட துன்பத்தை உலகுக்குக் காட்டிய அவர், 2021 ஜூலை 16-இல் ஆப்கானிஸ்தானத்தில் தாலிபான்களின் தாக்குதலில் உயிரிழந்தார். அவருடைய படக்கருவி துன்புறுவோரைக் கண்டதேயன்றி, துன்புறுத்துவோரின் மதத்தைக் கண்டு திரும்பிக்கொள்ளவில்லை.

ஒரு மறுப்பும் விடையும்

"போர்க்காலத்தில் எல்லாவற்றையும் சொன்னால் பகைவனுக்கு உதவியாகாதா?" என்று சான்றோர் சிலர் வினவக்கூடும். நேர்மையான வினாவே. நாளை எவ்வழியே படை செல்லும் என்பதை மறைத்தல் வேண்டும். அதனை வெளியிடும் செய்தியாளர் குற்றவாளியே. ஆனால் நேற்று எவ்வூரில் எத்தனை குழந்தைகள் மாண்டனர் என்பதைப் பகைவன் நன்கறிவான். மாண்டவர் உறவினரும் அறிவர். அதனை அறியாதவர் நம் குடிமக்கள் மட்டுமே. படையின் இரகசியம் வேறு. ஆட்சியாளரின் வெட்கம் வேறு. பின்னதற்கு முன்னதன் பெயரைச் சூட்டுவதே மறைப்பின் தந்திரம்.

செய்தியாளர் அனைவரும் மெய்யர் என்றும் நான் கூறேன். படையதிகாரி தருவதை அப்படியே எழுதுவோர் உளர். விற்பனைக்காகக் குருதியைக் கூட்டி எழுதுவோரும் உளர். ஆதலின் ஆய்ந்தறியும் பொறுப்பு வாசகருக்கும் உண்டு. தகுதியற்றவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளியாமல் செயற்பட்டால், அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கிழைத்து வருந்த நேரும் என்பது திருமறையின் எச்சரிக்கை. நபிமொழிகளைத் தொகுத்த இமாம்கள், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் பொய்யுரைத்ததுண்டா என்று அறிவிப்பாளர் தொடரைத் துருவித் துருவி ஆராய்ந்தனர். அத்தகைய மரபின் வழிவந்த நாம், கைப்பேசியில் வந்த படமொன்றை எங்கு எடுத்தது, எப்போது எடுத்தது என்று கேளாமல் நூறு பேருக்கு அனுப்பிவைப்பது முறையாகுமா?

அதே திருமறை, சான்று பகர்தல் நமக்கும் நம் பெற்றோர்க்கும் உற்றார்க்கும் எதிராக அமையினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு பணிக்கிறது. இதனினும் கடுமையான கட்டளையைச் செய்தியாளர்க்கு எவரும் இடவில்லை. வாசகர்க்கும் இதுவே கட்டளை. நமக்கு உவப்பான பொய்யை வெளியிடும் இதழை வாங்கி, கசப்பான மெய்யை வெளியிடும் இதழை எரிப்போமாயின், மறைப்பின் பழியில் நமக்கும் பங்குண்டு.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை இதழாளர் ஆகலாம்; பலர் ஆசிரியராகவும் அலுவலராகவும் வணிகராகவும் ஆவீர்கள். யாராயினும் ஒரு செய்தியைப் படிக்கும்போது, "இதில் எழுதப்படாதவர் யார்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். புள்ளலூரில் உங்கள் தோழர் கேட்ட வினா அதுவே. அங்கு அதிகாரிகள் இருவருக்குக் கல் உண்டு. மன்னர்க்குச் செப்பேடும் சுவரோவியமும் உண்டு. இருதரப்பிலும் கூலிக்குப் பொருது மாண்ட சிப்பாய்களுக்கும், கூரை எரிந்து ஓடிய உழவர்களுக்கும் ஒரு வரியும் இல்லை. அவர்கள் காலத்தில் அவர்களிடம் சென்று, "உன் பெயர் என்ன? உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்பார் இல்லை. நம் காலத்தில் கேட்பவர் உளர். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கேட்கின்றனர். அவர்கள் கேட்டு வந்ததைச் செவிமடுப்பதே, கல்லும் பெயரும் இல்லாத அம்மக்களுக்கு நாம் செலுத்தும் கடன்.